இருட்டுக்குக் கண் பழகும், ரப்பருக்கும் பழகுமா?

வண்ணத்திரை | மே 11, இரவு 8.52

"கண்ணைப் போலவே வெயிலுக்கும் இருட்டுக்கும் தானாகப் பழகிக்கொள்ளும் ரப்பர் ஒளி உணரி" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இழுத்தாலும் வேலை செய்யுமாம். இனி கேமராவே மாறிவிடும், பார்வையில்லாதவர்களுக்குக் கண் வந்துவிடும் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். என் சந்தேகம் ஒன்றே ஒன்று: கண் எங்கே இழுபடுகிறது? லேப் வாத்தியார்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய லேப்காரன் | மே 11, இரவு 10.20

செய்தி எழுதியவர் இரண்டு கதையை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார். இழுபடுவது ஒரு கதை, பழகுவது வேறு கதை. விழித்திரை இழுபடாது. இழுத்தால் கிழியும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

முதலில் பழகுவது. மேட்னி ஷோவுக்கு லேட்டாகப் போய், வரிசையில் இருக்கிற அத்தனை பேர் காலையும் மிதித்துக்கொண்டு உட்கார்ந்ததுண்டா? பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் மிதிபட்டவர் முகமே தெரியும், அவர் முறைப்பதும் தெரியும். கண்பாவை (கண்ணின் நடுவிலிருக்கும் துளை) விரிந்ததால்தான் தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போடுங்கள். பாவையின் விட்டம் 2 மில்லிமீட்டரிலிருந்து மிஞ்சிப்போனால் 8 வரை போகும். விட்டம் 4 மடங்கு, பரப்பு 16 மடங்கு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். பௌர்ணமி நிலா தருவது கால் லக்ஸ். உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ். இடையில் 4 லட்சம் மடங்கு. அதில் 16 மடங்கைப் பாவை பார்த்துக்கொள்கிறது. மிச்சம் 25,000 மடங்கை யார் சமாளிப்பது? விழித்திரைதான். அதிலிருக்கும் கூம்பு செல்கள் (பகல் வெளிச்சத்துக்கானவை) சுமார் பத்து நிமிஷத்தில் தங்கள் எல்லையைத் தொட்டுவிடும். மங்கலுக்கான கோல் செல்கள் நிதானமானவை, முழுசாகப் பழக அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

இழுபடும் கதையை நாளைக்கு எழுதுகிறேன். கரண்ட் போகப்போகிற மாதிரி இருக்கிறது.

பழைய லேப்காரன் | மே 12, காலை 6.45

கரண்ட் போகவில்லை, தூக்கம்தான் வந்தது.

இழுபடுவது. நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் தாளை எடுத்து ஒரு பந்துக்குப் போட்டுப் பாருங்கள். மடிப்பு விழாமல் போட முடியாது. தட்டையான தாளை நீட்டாமல் கிழிக்காமல் கோளத்தின் மேல் படிய வைக்க முடியாது என்பதைக் கணித மேதை காஸ் (Gauss) 1827-லேயே கணக்கில் நிறுவிவிட்டார். தொன்னை தைக்கிறவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும். இலையை மடிக்காமல் குழி வராது.

கேமராவின் சென்சார் அந்தப் பிரவுன் தாள். தட்டை. லென்ஸ் உருவாக்கும் பிம்பமோ இயல்பில் ஒரு கிண்ணத்தின் உட்புறம் போல வளைந்து விழும். அதைத் தட்டையாக்கத்தான் லென்ஸ் குழாய்க்குள் கண்ணாடி மேல் கண்ணாடியாக அடுக்குகிறார்கள். கண்ணுக்கு அந்தப் பாடு இல்லை, விழித்திரையே கிண்ணம். அதனால்தான் கருவிழியும் ஒரே ஒரு லென்ஸும் போதுமாக இருக்கிறது.

2008-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. சிலிக்கோன் ரப்பரில் கிண்ணம் செய்தார்கள். அதன் விளிம்பை எல்லாப் பக்கமும் இழுத்து முரசுத் தோல் மாதிரி தட்டையாக்கினார்கள். தட்டையாக இருக்கும்போதே மேலே 16-க்கு 16, அதாவது 256 சிலிக்கான் ஒளி உணர் புள்ளிகளை ஒட்டினார்கள். பிறகு பிடியை விட்டார்கள். ரப்பர் மறுபடி கிண்ணமானது. புள்ளிகளுக்கு நடுவிலிருந்த மெல்லிய இணைப்புகள் மட்டும் வளைவு வளைவாக எழும்பிக்கொண்டன. சிலிக்கான் ஒரு சதவீதம் நீட்டினாலே உடைந்துவிடும் பொருள். இங்கே அது நீளவே இல்லை, மடிப்பைத் தொன்னை மாதிரி இணைப்புக் கம்பிகள் வாங்கிக்கொண்டன.

ஆக, இழுபடும் தன்மை கேட்பது வடிவத்துக்காக. வெளிச்சத்துக்குப் பழகுவதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பழைய லேப்காரன் | மே 12, மதியம் 1.10

"இழுத்தால்தான் வளையுமா?" என்று தறிக்காரர் கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை. 2020-இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜியோங் ஃபான் குழு இழுக்காமலே செய்தது. முதலிலேயே கிண்ண வடிவில், நுண்துளைகள் நிறைந்த அலுமினா அச்சு செய்துகொண்டார்கள். அந்தத் துளைகளுக்குள் பெரோவ்ஸ்கைட் என்ற, ஒளி பட்டால் மின்சாரம் தரும் படிகப் பொருளின் நுண்கம்பிகளைப் பயிர் மாதிரி வளர்த்தார்கள். பின்னாலிருந்து மின்சாரத்தை எடுத்துப்போக காலியம்-இண்டியம் திரவ உலோகம், அதுதான் அவர்களுடைய நரம்பு. ஒரு சதுர சென்டிமீட்டரில் 46 கோடி கம்பிகள், நம் விழித்திரையின் செல் நெரிசலை விடக் கூடுதல். ஆனால் இணைப்புக் கொடுக்க முடிந்தது 10-க்கு 10, வெறும் 100 புள்ளிகளுக்குத்தான். நெல் விளைந்துவிட்டது, அறுக்க ஆளில்லை.

பழைய லேப்காரன் | மே 13, இரவு 9.05

பழகும் பொருளுக்கு வருகிறேன். ஹாங்காங்கின் இன்னொரு இடம், பாலிடெக்னிக் பல்கலைக்கழகம். யாங் சாய் குழு, 2022, நேச்சர் எலக்ட்ரானிக்ஸ் இதழ். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற அணு அளவு மெல்லிய படலத்தில் டிரான்சிஸ்டர் செய்து, அது சமாளிக்கும் வெளிச்ச வீச்சு 199 டெசிபல் என்கிறார்கள். சாதாரண சிலிக்கான் சென்சாருக்கு 70 அளவுதான். 199 டெசிபல் என்றால் 1-க்குப் பின்னால் 19 சைபரும் இன்னும் கொஞ்சமும். எழுதிப் பார்த்தேன், தலை சுற்றுகிறது.

பழைய லேப்காரன் | மே 13, இரவு 9.40

மேலே போட்ட கணக்கு தப்பு. சுட்டிக்காட்டிய ஒலிபெருக்கி தம்பிக்கு நன்றி. டெசிபல் என்பது மடங்கைச் சைபர் எண்ணிக்கையில் (லாகரிதத்தில்) சொல்லும் அளவு. பட சென்சார்காரர்கள் அந்த லாகரிதத்தை 20-ஆல் பெருக்குவார்கள், 10-ஆல் அல்ல. 20 டெசிபலுக்கு ஒரு சைபர். ஆக 70 டெசிபல் சுமார் 3,000 மடங்கு, 199 டெசிபல் சுமார் 900 கோடி மடங்கு. இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு டெசிபல் நடத்தியவன் நான். பழைய மாணவர்கள் யாரும் இந்த இழையைப் படிக்காமல் இருக்கக் கடவது.

இன்னொன்று: அந்த 900 கோடி ஒரே பார்வையில் கிடைப்பதில்லை. பழகியபின் கிடைப்பது. நம் கண்ணும் அப்படித்தான். வெயிலில் நின்று இருட்டு அறைக்குள் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பழைய லேப்காரன் | மே 14, இரவு 11.30

எப்படிப் பழகுகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

எலிப்பொறி. பொருளின் பரப்பில் எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் குழிகள் இருக்கும். நாங்கள் அதை டிராப் என்போம். வெளிச்சம் பட்டு எலக்ட்ரான் கிளம்பும்போது சில இந்தக் குழியில் விழும், சீக்கிரம் வெளியே வராது. குழியில் உட்கார்ந்த மின்னூட்டம் சும்மா இருக்காது. டிரான்சிஸ்டரின் கேட்டில் (கரண்டைக் கூட்டிக் குறைக்கும் முனை) யாரோ கூடுதலாக வோல்டேஜ் கொடுத்த மாதிரி, பக்கத்தில் ஓடும் கரண்டைக் கூட்டும் அல்லது குறைக்கும். கேட்டில் எந்தப் பக்க வோல்டேஜ் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் குழிகள் நிரம்பும் அல்லது காலியாகும். ஒரு மாதிரி வைத்தால் பலத்த வெளிச்சத்தில் கரண்ட் மெல்ல மெல்ல இறங்கும், மாற்றி வைத்தால் மங்கலில் மெல்ல ஏறும். முதலாவது கண் கூசி அடங்குவது, இரண்டாவது மேட்னி ஷோ.

இதில் எனக்குச் சிரிப்பு எங்கே வருகிறதென்றால், இந்தக் குழிகளை ஒழிப்பதற்குத்தான் எங்கள் காலத்தில் ஆராய்ச்சிப் பணம் கொட்டினார்கள். குழி என்றால் அழுக்கு, குறை. இப்போது வேண்டுமென்றே குழி வெட்டுகிறார்கள்.

என் மாமா ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரிடம் ஒரு பழைய ஜப்பான் கேமரா, உள்ளே காட்மியம் சல்ஃபைடு மீட்டர். வாசலில் மாப்பிள்ளை அழைப்பை வெயிலில் எடுத்துவிட்டு மண்டபத்துக்குள் ஓடுவார். உள்ளே வந்தபிறகும் மீட்டர் முள் வெயில் நினைப்பிலேயே நிற்கும். அதை நம்பி எடுத்த முதல் நாலைந்து படம் கருகிப்போகும். ஒருமுறை தாலி கட்டுவதே அந்த நாலில் ஒன்று. பெண் வீட்டார் மாமாவை என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து உள்ளே நுழைந்ததும் லென்ஸை மூடிக்கொண்டு, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் மீட்டரைப் பார்ப்பார்.

மீட்டருக்கு இது வியாதி. மீட்டர் பழகவே கூடாது, வெளிச்சம் இவ்வளவு என்று சொல்வதுதான் அதன் வேலை. கண்ணுக்கோ இதுவே பிழைப்பு. 500 லக்ஸா 700 லக்ஸா என்று கண்ணைக் கேட்டால் அதற்குத் தெரியாது, சேலைக்கும் ஜாக்கெட்டுக்கும் வித்தியாசம் மட்டும் சொல்லும்.

பழைய லேப்காரன் | மே 15, காலை 7.15

ராத்திரி எழுதியதைப் படித்தபோது ஒரு இடம் இடறுகிறது. மாமாவின் மீட்டர் வெயிலுக்குப் பிறகு கூடுதலாகக் காட்டியது. கண் வெயிலுக்குப் பிறகு குறைவாகக் காட்டும். இரண்டும் எதிர்த்திசை! அப்படியானால் என் உதாரணமே தப்பா? டிராயரில் தெருவிளக்கு ப்ராஜெக்ட்டில் மிஞ்சிய எல்.டி.ஆர் (வெளிச்சம் கூடினால் ரெசிஸ்டன்ஸ் குறையும் ஒளி ரெசிஸ்டர்) கிடக்கிறது. அதுவும் காட்மியம் சல்ஃபைடுதான். அளந்துவிட்டு வருகிறேன்.

பழைய லேப்காரன் | மே 17, மாலை 5.50

முதல் முயற்சி குப்பை. செருப்பு டப்பாவுக்குள் ஜீரோ வாட் பல்பும் எல்.டி.ஆரும் வைத்து அளந்தேன். காலையில் ஒரு ரீடிங், மாலையில் ஒரு ரீடிங். மாலையில் எங்கள் தெருவில் வோல்டேஜ் 205-க்கு இறங்கிவிடும் என்பதை மறந்துவிட்டேன். பல்பு மங்கினால் எல்.டி.ஆர் என்ன செய்யும்!

இரண்டாவது முயற்சியும் பாதிக் குப்பை. பல்பை எடுத்துவிட்டு மொபைல் சார்ஜரில் ஓடும் எல்.ஈ.டி வைத்தேன். ஒரு எல்.டி.ஆரை ஃபிலிம் ரோல் டப்பாவில் போட்டு ராத்திரி முழுக்க மூடினேன், இன்னொன்றை டியூப் லைட்டுக்கு அடியில் வைத்தேன். "ஒரே ஷீட்டில் வாங்கினாலும் இரண்டு எல்.டி.ஆர் ஒன்று போல் இருக்காதே" என்று வீட்டுக்காரி கேட்டாள். அவள் கணக்குப் பிள்ளை, எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் இல்லை. சரிதானே? திரும்ப ஆரம்பம்.

பழைய லேப்காரன் | மே 19, இரவு 8.30

ஒரே எல்.டி.ஆர், ஒரே டப்பா, ஒரே எல்.ஈ.டி, ஒரே தூரம்.

ராத்திரி முழுக்க இருட்டில் இருந்தபின்: 8.9 கிலோ ஓம்.
பகல் முழுக்க ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தபின், டப்பாவில் போட்ட அந்த நொடியில்: 8.1-ல் தொடங்கி ஏறிக்கொண்டே போனது. ஒரு நிமிஷத்தில் 8.9-ஐத் தாண்டியது. பத்து நிமிஷம் கழித்து 9.8-ல் நின்றது.

இரண்டும் உண்மை என்று ஆகிறது! வெளியிலிருந்து வந்தவுடன் பழைய வெளிச்சத்தின் மிச்சம், ரெசிஸ்டன்ஸ் குறைவு, மாமாவின் நாலு கறுப்புப் படம். அது அடங்கியபின் பார்த்தால் வெளிச்சத்தில் கிடந்தது மந்தமாகவும் இருட்டில் கிடந்தது கூர்மையாகவும் இருக்கிறது, கண்ணைப் போலவே. எல்.டி.ஆர் டேட்டா ஷீட்டுகளில் இதைப் பற்றி ஒரு பத்தி இருக்கும், அளப்பதற்கு முன் இத்தனை மணி நேரம் வெளிச்சத்தில் வை என்று. வருஷக்கணக்கில் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்த்தான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஆனால் பாருங்கள், கிடைத்தது பத்து சதவீதம். கண்ணுக்கு வேண்டியது ஆயிரக்கணக்கான மடங்கு. எல்.டி.ஆர் கண்ணின் தூரத்துச் சொந்தம், கல்யாணப் பத்திரிகை கூட வராத சொந்தம்.

பழைய லேப்காரன் | மே 20, காலை 6.30

முருங்கைக்கீரைக்கும் கண் இருட்டுக்குப் பழகுவதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்ட மீனாட்சிப்பட்டி அக்காவுக்கு: சம்பந்தம் உண்டு. கோல் செல்லில் இருக்கும் ரோடாப்சின் என்ற ஒளி உணர் நிறமி வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். திரும்ப உருவாக வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் பொருள் வேண்டும். அது பற்றாவிட்டால் மாலைக்கண். இதைத் துலக்கிய ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் கிடைத்தது. கண் பழகுவதில் ரோடாப்சின் ஒரு பங்குதான், செல்லுக்குள் கால்சியம் மூலம் நடக்கும் அட்ஜஸ்ட்மென்ட்டும் பெரிது. ஆனாலும் கீரையை விடாதீர்கள்.

பழைய லேப்காரன் | மே 21, இரவு 10.45

வண்ணத்திரை விடாமல் கேட்கிறார்: இரண்டையும் சேர்த்து, பழகவும் இழுபடவும் வேண்டுமென்றால்? அங்கேதான் உண்மையான தலைவலி.

ரப்பர் மாதிரியான ஒரு ஒளி ரெசிஸ்டர் பட்டையை 30 சதவீதம் இழுங்கள். நம் தோல் கிட்டத்தட்ட அவ்வளவு இழுபடும். கன அளவு மாறாது, நீளம் 1.3 மடங்கு, குறுக்குவெட்டு அதே அளவுக்குச் சுருங்கும். ரெசிஸ்டன்ஸ் 1.3-இன் வர்க்கம், அதாவது 1.69 மடங்கு. எல்.டி.ஆர் மாதிரிப் பொருளில் ரெசிஸ்டன்ஸ் இவ்வளவு ஏறினால் மீட்டருக்கு எப்படித் தெரியும்? வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று. முழங்கையை மடக்கினால் சாயங்காலம், நீட்டினால் மத்தியானம்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தோலில் ஒட்டி நாடித்துடிப்பு பார்க்கும் ஒளி உணரிகள் இருக்கின்றன. டோக்கியோவில் தகாவோ சோமேயா குழு 2016-இல் மொத்தமே 3 மைக்ரான் தடிமனில் ஒன்று காட்டியது. துடிப்பினால் வெளிச்சம் மாறுவது ஓரிரு சதவீதம்தான். இழுப்பு அதைவிடப் பலமடங்கு கூச்சல் போட்டால் துடிப்பு எங்கே கேட்கும்?

பழைய லேப்காரன் | மே 22, காலை 9.10

தூக்கத்தில் தோன்றியது. மேலே ரெசிஸ்டருக்குச் சொன்னது டிரான்சிஸ்டருக்கு அவ்வளவு மோசமில்லை. கேட்டுக்கும் சேனலுக்கும் (கரண்ட் ஓடும் பாதை) நடுவிலிருக்கும் இன்சுலேட்டரும் ரப்பர்தான் என்று வைத்துக்கொள்வோம். இழுத்தால் அதுவும் மெலியும், மெலிந்தால் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) கூடும், அகலம் குறைந்த நஷ்டத்தை அது ஈடுகட்டிவிடும். மிஞ்சுவது நீளம் மட்டும். கரண்ட் 1.3-இல் ஒரு பங்கு, 23 சதவீத இறக்கம். பரவாயில்லை, ஆனால் ஓரிரு சதவீதத் துடிப்புக்கு இதுவும் யானை.

இந்தக் கணக்கு செல்ல வேண்டுமானால் இழுத்தபிறகும் மின்னூட்டம் அதே வேகத்தில் ஓட வேண்டும். அதில் பெரிய அடி வைத்தது ஸ்டான்ஃபோர்டின் ஜெனான் பாவ் குழு, 2017 சயன்ஸ் இதழ். குறைக்கடத்திப் பாலிமரை மெல்லிய இழைகளாக எஸ்.ஈ.பி.எஸ் ரப்பருக்குள் சிக்க வைத்தார்கள். டூத் பிரஷ் கைப்பிடியில் மெத்தென்று இருக்குமே, அந்த வகை ரப்பர். இரட்டிப்பு நீளத்துக்கு இழுத்தும் மின்னூட்டத்தின் ஓட்டம் குறையவில்லை. இடியாப்பச் சிக்கலை நல்லதுக்குப் பயன்படுத்தியவர்கள்.

இப்போது குழிகளைச் சேருங்கள். ரப்பரை இழுத்தால் பாலிமர் இழைகள் நகரும், குழிகளின் ஆழமும் எண்ணிக்கையும் மாறலாம். பழகும் வேகமே இழுப்பைப் பொறுத்து மாறினால், அதைத் திருத்தப் பக்கத்தில் தனியாக ஒரு இழுப்பு சென்சார் வைக்க வேண்டும். நமக்கும் அப்படித்தானே? கண்ணைத் தசைகள் எவ்வளவு திருப்பியிருக்கின்றன என்பது மூளைக்குத் தெரியும். அதனால்தான் கண் ஓடும்போது உலகம் ஓடுவதில்லை. கண்ணின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், சுவர் ஆடும்.

பழைய லேப்காரன் | மே 22, காலை 11.25

கண்ணில் ஆபரேஷன் ஆனவர்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம். உடனே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே வலது கண்ணில் கண்புரை எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. அந்தக் கண்ணில் வானம் நீலம், இடது கண்ணில் அதே வானம் டீக்கடைத் துணி. மாற்றி மாற்றி மூடிப் பார்ப்பது இப்போது என் பொழுதுபோக்கு.

பழைய லேப்காரன் | மே 23, இரவு 9.00

ஆரம்பத்தில் சொன்னதில் ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். இழுப்பது வடிவத்துக்கு மட்டும்தான் என்றேன். ரோஜர்ஸ் குழுவே 2011-இல், ரப்பர் சென்சாருக்கு அடியில் நீரின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து அதன் வளைவை மாற்றியது. லென்ஸின் வளைவையும் அதே முறையில் மாற்றி 3.5 மடங்கு ஜூம் எடுத்தது. ஆக, இழுபடுவது வேலையும் செய்யும். நம் கண் செய்யாத வேலை, நம் லென்ஸ் மட்டும் வடிவம் மாறும், நாற்பது வயது வரை ஒழுங்காக.

பார்வையில்லாதவர்களுக்கு என்ற கேள்விக்குச் சுருக்கமாக: இப்போது நோயாளிகளிடம் பலன் காட்டியிருக்கும் பிரிமா என்ற, கண்ணுக்குள் வைக்கும் கருவி இழுபடுவதும் இல்லை, தானாகப் பழகுவதும் இல்லை. 2 மில்லிமீட்டர் சதுரத்தில் 378 புள்ளிகள் கொண்ட சிலிக்கான் சில்லு. வெளிச்சத்தை அளந்து சமாளிக்கும் வேலையைக் மூக்குக்கண்ணாடியில் இருக்கும் கேமரா பார்த்துக்கொண்டு, அகச்சிவப்பு ஒளியாகச் சில்லின் மேல் வீசுகிறது. ரப்பர் அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் வாட்ஸ்அப் சொல்வது போல அடுத்த தீபாவளிக்கு இல்லை.

பழைய லேப்காரன் | மே 24, மாலை 6.20

எல்.டி.ஆர் ரீடிங் பற்றி ஒரு வெட்கக்கேடு. இன்று மல்டிமீட்டரை எடுத்தால் டிஸ்பிளே மூலையில் பேட்டரி அடையாளம் மின்னிக்கொண்டிருக்கிறது. என்றிலிருந்து மின்னுகிறதோ தெரியாது, எனக்கு அந்த மூலை இடது கண்ணில் சரியாக விழாது. 9 வோல்ட் பேட்டரி மாற்றிவிட்டேன். எல்.டி.ஆர் டப்பாவில் போட்டாயிற்று.

பழைய லேப்காரன் | மே 25, இரவு 7.40

புது பேட்டரியில்: இருட்டில் இருந்தபின் 9.1, வெளிச்சத்தில் இருந்தபின் பத்து நிமிஷம் கழித்து 10.0. எண்கள் நகர்ந்துவிட்டன, இடைவெளி அப்படியே இருக்கிறது. டப்பாவை வீட்டுக்காரி கேட்கிறாள், கடுகு போட்டு வைக்கவாம். தரப்போகிறேன்.